மொதல்ல சொன்னவுக தோத்தாக

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ரிட்டயர் ஆனவர்களிடம் மாட்டினால் லேசில் விடமாட்டார்கள் என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் பேசினேன். ஆனாலும் கொஞ்ச நேரம் காது கொடுங்கள். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது வேறு சங்கதி. ஒரு வீட்டில் மனநோய் வழிவழியாக வருகிறதா என்று எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி வாய்க்குள் பூட்டி வைப்பது என்பது.

மதுரை தல்லாகுளத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் மனநல சமூகப் பணியாளர் என்று நீளமாகப் போட்டிருக்கும். வருகிறவர்களுக்கு நான் 'பேசுற மேடம்'. டாக்டர் மாத்திரை எழுதுவார், அந்த மேடம் பேசும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

சேர்ந்த புதிதில், மேற்கே இருந்து ஒரு விவசாயி தன் மகனைக் கூட்டி வந்தார். பையன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். படித்த பாடம் மாறாமல் நான் கேட்டேன், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது மனநோய் இருந்திருக்கா?"

"ஒருத்தருக்கும் கெடையாது தாயி. எங்க குடும்பம் சுத்தமான குடும்பம்."

இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்தப் பக்கமாக வந்த பெரிய டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நிலம் எவ்வளவு, மழை எப்படி என்று பேச்சுக் கொடுத்து, அப்படியே அப்பாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அத்தைமாரை எந்தெந்த ஊரில் கட்டிக்கொடுத்தது என்று போய்க்கொண்டிருந்தார்.

"நடு அத்தை மட்டும் வாழப்போன எடத்துல இருந்து திரும்பி வந்துருச்சுங்க. வந்து, சாகுற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. செவத்தைப் பாத்தே ஒக்காந்திருக்கும்."

"இதைத்தானே இந்தப் பொண்ணு கேட்டுச்சு?"

"இது நோய் இல்லீங்களே," என்றார் அவர், மனதார. "இது வைராக்கியம்."

சிரிக்காதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. நம் பக்கம் குடும்பம் என்றால் பெண்டாட்டி பிள்ளைகள். கட்டிக்கொடுத்த அத்தை வேறு வீட்டுக்காரி. சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போன சித்தப்பா பரதேசி, விடியவிடிய ஆடிய அம்மாச்சி சாமியாடி. யாருக்கும் நோய் என்று பெயர் கிடையாது. "குடும்பத்தைக் கேக்காதம்மா, ஆளாளாக் கேளு," என்றார் டாக்டர் அன்றைக்கு. அதை நான் கடைசி நாள் வரை மறக்கவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த இரண்டாவது பாடம் இன்னும் பெரியது. மதுரைப் பக்கம் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் விசாரிப்பு என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியாதது இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெண் வீட்டுத் தெருவில் டீ குடிப்பார், பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் போய் நிற்பார். அந்த வரிசையில் நம் மருத்துவமனையும் உண்டு. வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல மேடம், ஒரு சின்ன விசாரிப்பு," என்று தொண்டையைக் கனைப்பார்.

நோயாளியைப் பற்றி வெளியே சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் 'அதைச் சொல்ல முடியாது' என்று நீங்கள் சொன்னால், நம் ஊர்க் காதில் அது 'ஆமாம், இருக்கு' என்றுதான் விழும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமே, ஏன் சொல்ல முடியாது என்கிறாள்? முடிந்தது, ஒரு பெண்ணின் கல்யாணம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். அதனால் டாக்டர் எங்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார். பெயர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே கையை உயர்த்திவிட வேண்டும். "பேரைச் சொல்லாதீங்க. யார் பேரைச் சொன்னாலும் இங்க பதில் கெடையாது." பெயர் காதில் விழுந்துவிட்டால் நம் முகமே பதில் சொல்லிவிடும். வாயைப் பூட்டலாம், முகத்தை எப்படிப் பூட்டுவது?

என் கை நன்றாகப் பழகிய கை. ஒரே ஒரு தடவை பிந்திவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டாரும் சொல்லிக்கொள்ளச் சொன்ன பிறகே சொல்கிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பாண்டியம்மாள் திருப்பரங்குன்றத்துக்காரர். கணவர் சங்கரலிங்கம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஒரே மகள் நிவேதா, தனியார் பள்ளியில் டீச்சர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பாண்டியம்மாளுக்கு யாரும் இல்லாத இடத்திலிருந்து குரல்கள் கேட்க ஆரம்பித்தன. கோயில், கோடாங்கி, மந்திரித்த கயிறு என்று சுற்றிவிட்டு, மிகவும் தாமதமாக எங்களிடம் கொண்டுவந்தார்கள். மனச்சிதைவு நோய். மருந்து நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் சமையல் செய்தார், காய்க்காரரிடம் பேரம் பேசினார், மகளைப் படிக்க வைத்தார். மாத்திரையால் கையில் லேசான நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது.

தெருவுக்கு அவர்கள் சொல்லியிருந்தது சர்க்கரை வியாதி. மாதாமாதம் ஆஸ்பத்திரி, வேளாவேளைக்கு மாத்திரை, கை நடுக்கம், எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. போகிற வீட்டிலெல்லாம் சர்க்கரை போடாத காபியையே கொடுத்தார்கள், பாவம். எங்கள் கேன்டீனுக்கு வந்தால்தான் அவர் இனிப்பாக ஒரு வாய் குடிப்பார். "இந்த ஒரு எடத்துலதான் மேடம் நான் சுகர் இல்லாத ஆளு," என்று சிரிப்பார்.

ஒரு நாள் அம்மாவைக் கூட்டி வந்த நிவேதா, அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக டாக்டரின் அறைக்குள் வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் கதிரேசன், நாகமலைப் பக்கம் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், அப்பா இல்லை, அம்மா மட்டும். ஜாதகம் பொருந்தியதும் இருவரும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"எனக்கும் வருமா டாக்டர்? எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வருமா?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "இந்த நோய் குடும்பத்துல வரும்மா, அதை மறைக்கக் கூடாது. ஆனா சொத்து மாதிரி அப்படியே கைமாறி வர்றதில்ல. வர்றது வாகு. உடல்வாகு இருக்குல்ல, அது மாதிரி. அந்த வாகு இருக்கிறவங்கள்ல நெறையப் பேருக்கு நோயே வராது. அம்மாவுக்கு இருக்கிறதால மத்தவங்களை விட உனக்கு வாய்ப்பு கூடுதல், அது உண்மை. வராமப் போறதுக்குத்தான் இன்னும் அதிக வாய்ப்பு, அதுவும் உண்மை."

"அவர்கிட்ட சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன் டாக்டர். சொன்னா கல்யாணமே நடக்காதுன்னு அப்பா சொல்றாரு."

எங்கள் அறைகளுக்குக் கதவு உண்டு. ஆனால் காற்றுக்காக அதைத் திறந்து வைத்துத் திரை போட்டிருப்போம். நான் வெளியே வந்தபோது பாண்டியம்மாள் திரைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

"மேடம்," என்றார், மெதுவாக. "நான் இவளைப் பெத்திருக்கவே கூடாதோ?"

அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன் என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன், கொஞ்சம் அழுதேன். வம்சம், வாகு, வாய்ப்பு என்று நாம் பேசுவதையெல்லாம் ஒரு ஆள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், பிள்ளைகளே. அந்த வம்சத்தில் விஷம் தான்தான் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அன்றிலிருந்து அந்த மாதிரிப் பேச்சின்போது நான் கதவைச் சாத்தினேன், காற்று வராவிட்டால் பரவாயில்லை என்று.

அடுத்து சங்கரலிங்கம் வந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பயந்தால்தான் நமக்கு வேலை அதிகம். பெண் பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. அன்று மட்டும் பாண்டியம்மாளை வண்டியூரில் அவர் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக ஏற்பாடு. தங்கைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கல்யாணத்தன்று அம்மாவை மறைக்க முடியாதே?

"அதான் மேடம், கல்யாணம் முடியிற வரைக்கும் மாத்திரையை நிறுத்தி வச்சா கை நடுக்கம் நின்னுரும்ல? பந்தல்ல தாம்பாளத்தைத் தூக்கறப்ப அம்புட்டுப் பேரும் பாப்பாக."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் நோய் திரும்புவது முக்கால்வாசி இப்படித்தான். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காக மாத்திரையை நிறுத்துவார்கள். கெட்டுப்போகட்டும் என்று யாரும் நிறுத்துவதில்லை, கௌரவமாக இருக்கட்டும் என்று நிறுத்துவார்கள். நிறுத்தினால் பந்தலில் கை நடுங்காது, ஆனால் அவர் யாரோடு பேசுகிறார் என்று அம்புட்டுப் பேரும் பார்ப்பார்கள் என்று சங்கரலிங்கத்திடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். டாக்டர் நடுக்கத்துக்கு ஒரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார். ஆனால் வண்டியூர் திட்டத்தை அவர் விடவில்லை. பாண்டியம்மாளும் சம்மதித்துவிட்டார். "எம் மக நல்லா இருந்தாப் போதும், நான் எங்கிட்டாவது போயிக்கிறேன்," என்றார்.

அந்த வாரத்தில்தான் என் கை பிந்தியது.

தலைவலி என்று டோக்கன் போட்டு ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். நல்ல சேலை, களைத்த முகம். தலைவலி எத்தனை நாளாக என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பையை மடியில் வைத்த வேகத்தில், "திருப்பரங்குன்றம் சங்கரலிங்கம் பொண்டாட்டி இங்கதான வைத்தியம் பாக்குறாக?" என்று கேட்டுவிட்டார்.

பெயர் விழுந்துவிட்டது. யாரோ பாண்டியம்மாளைத் தல்லாகுளத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்திருக்கிறார்கள். மதுரை பெரிய ஊர் என்று யார் சொன்னது? டோக்கனில் நாகமலை இந்திராணி என்று இருந்தது. வந்திருப்பவர் கதிரேசனின் அம்மா என்று எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. குனிந்து மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். அதோடு ஒரு வாக்கியம், யோசிக்காமல் வந்தது. "இங்க யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு யார்கிட்டயும் சொல்றதில்லைங்க. நாளைக்கு யாராவது வந்து உங்களைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான்."

"என்னைப் பத்தியா?" என்றார். அதுவரை இருந்த மிடுக்கு போய்விட்டது. "எங்க வீட்டைப் பத்தி கேட்டு யாரும் வந்தாகளா மேடம்?"

அவ்வளவுதான், உடைந்து அழ ஆரம்பித்தார். அவர் கொழுந்தன், கதிரேசனின் சித்தப்பா, அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார். சில காலம் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பார், கண்ணில் படுவதையெல்லாம் வாங்கித் தள்ளுவார், ஊரையே விருந்துக்குக் கூப்பிடுவார். பிறகு சில காலம் போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டார். இருமுனை மனநோய். வேறு ஊரில் வைத்தியம், இப்போது பரவாயில்லை. அண்ணன் இறந்த பிறகு கதிரேசனுக்குக் கடைத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததே அந்த மனிதர்தான். அவரைப் பற்றியும் பெண் வீட்டில் மூச்சு விடவில்லை.

"அவுக வீட்ல அந்தம்மாவுக்கு இருக்குன்னு ஒருத்தி சொன்னா மேடம். இருந்துட்டா நல்லதுன்னு நெனச்சு ஓடியாந்தேன்."

"நல்லதா?"

"ஆமா. அவுக வீட்லயும் இருந்துட்டா, எங்க வீட்டைக் கொறை சொல்ல மாட்டாகல்ல? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இப்பவே போயி எல்லாத்தையும் சொல்லிப்புடுறேன்."

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். இரண்டு வீடு. இரண்டிலும் ஒரே பயம், ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். தலையை லேசாக ஆட்டினால் போதும், அந்த அம்மா சந்தோஷமாகப் போவார், நிவேதாவின் கல்யாணம் நடக்கும். நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தத் தலையாட்டல் பாண்டியம்மாளுக்குச் சொந்தமானது, எனக்கு இல்லை. இன்றைக்கு நல்லதுக்கு ஆடுகிற தலை நாளைக்கு வேறு எதற்கோ ஆடும்.

"உங்க வீட்டு விஷயத்தை நீங்க சொல்லுங்க," என்றேன். "அங்க இருக்கா இல்லையான்னு பாத்துட்டுச் சொல்லாதீங்க. அது சொல்றது ஆகாது, பேரம் ஆகிப்போகும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உங்களுக்குச் சம்பந்தம் பேசிப் பழக்கமில்ல மேடம். இதுல மொதல்ல சொன்னவுக தோத்தாக," என்று சொல்லிவிட்டுப் போனார். டோக்கன் போட்டது வீணாகக் கூடாது என்று தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டுதான் போனார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் போலப் பதறவில்லை. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே மருந்துதான். அவங்கவங்க வாயால சொல்லணும். அந்தப் பிள்ளைங்களும் தெரிஞ்சுதான் முடிவு எடுக்கணும். நாம கதவைத் தொறந்து வைக்கலாம், தள்ளி விடக்கூடாது."

பெண் பார்க்க வருவதற்கு முன்தினம் நிவேதா போன் செய்தாள். "நீங்க நாளைக்கு வாங்க மேடம். நீங்க இருந்தா நான் அவங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன்." என்னால் போக முடியாது. என்னைப் பார்த்தாலே இந்திராணிக்கு எல்லாம் விளங்கிவிடும். அதைக்கூட நிவேதாவிடம் சொல்ல முடியாது. "வர முடியாதும்மா," என்று மட்டும் சொன்னேன். எப்படி நினைத்தாளோ. அந்தக் குரல் வாடியது இன்னும் என் காதில் இருக்கிறது.

பாண்டியம்மாளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து அவரைப் பற்றி எல்லோரும் பேசியிருந்தோம். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. "நாளைக்கு நீங்க என்ன செய்யணும்னு உங்களுக்குத் தோணுது?" என்று கேட்டேன்.

"என்னையா கேக்குறீக?" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று என்ன நடந்தது என்பதை அடுத்த முறை மருத்துவமனைக்கு வந்தபோது பாண்டியம்மாளே சொன்னார். அவர் வாயால் கேட்டதை அப்படியே தருகிறேன்.

"காலையிலயே என்னைய வண்டியூர்ல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாரு மேடம். எந் தங்கச்சி தோசை சுட்டுக் குடுத்தா. தெப்பக்குளத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீங்க கேட்டதே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. நல்லவேளை, மத்த கொரலு எதுவும் இல்ல, ஒங்க கொரலு மட்டுந்தான்." இந்த இடத்தில் அவரே சிரித்துக்கொண்டார். "சட்டுனு எந்திரிச்சேன். ஷேர் ஆட்டோ புடிச்சு பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன். வாசல்ல அம்புட்டுச் செருப்பு கெடக்கு. பின்பக்கமாப் போகலாமான்னு பாத்தேன். எம் வீட்டுக்கு நான் எதுக்குப் பின்பக்கமாப் போகணும்? முன்வாசல் வழியாவே போயிட்டேன்."

"நான்தான் பொண்ணோட அம்மான்னு சொன்னேன். இவரு இருக்காரே, அந்த நேரத்துலயும் விடாம, 'வா வா, தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு'ன்னு கேக்குறாரு. அவளுக்கு ஒண்ணுமில்ல, நோய் எனக்குத்தான்னு சொன்னேன். மாப்பிள்ளையோட அம்மா, 'சுகர்னு சொன்னாகளே'ன்னுச்சு. சுகர் இல்லம்மா, எனக்குக் காதுல கொரலு கேக்கும், தல்லாகுளத்துல மாத்திரை சாப்பிடுறேன், இப்ப நல்லா இருக்கேன், எம் மகளுக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்கன்னு சொல்லிப்புட்டேன்."

"திடீர்னு அந்த மாப்பிள்ளை எந்திரிச்சாரு. விறுவிறுன்னு வெளிய போயிட்டாரு. போச்சு, மொதல்ல சொன்னது நான், எம் மக வாழ்க்கையை நானே கெடுத்துட்டேன்னு நெனச்சேன். நிவேதா முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அந்தம்மா பாட்டுக்குத் தலையைக் குனிஞ்சு அழுகுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"கொஞ்ச நேரத்துல அவரு திரும்பி வந்தாரு. கையப் புடிச்சு ஒருத்தரைக் கூட்டியாந்தாரு. வீட்ல தனியா விட மனசில்லாமக் கூட்டியாந்து, தெரு முக்குல நிறுத்தியிருந்த வேன்லயே அந்த மனுசனை ஒக்கார வச்சுட்டு வந்திருக்காக மேடம்! கண்ணாடியை எல்லாம் ஏத்திவிட்டு, வேர்த்து ஊத்திக்கிட்டு இருந்தாரு. 'இது எங்க சித்தப்பா. எங்க வீட்ல இவருக்கு. எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு'ன்னு சொன்னாரு மாப்பிள்ளை. நான் ஓடிப்போயி மொதல்ல தண்ணி கொண்டாந்து குடுத்தேன்."

அவர் சொல்லி முடித்தபோது நான் அழுதேன் என்பதை மறைக்க மாட்டேன். தோற்பதற்கு யாராவது ஒருவர் துணிய வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கூடத்தில் படித்தவர்கள், பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். துணிந்தது அவர்.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம். நிவேதா போட விடவில்லை. அன்றைக்கே தட்டு மாற்றலாம் என்று சங்கரலிங்கம் அவசரப்பட்டபோது, "முதல்ல ரெண்டு வீட்டாரும் டாக்டரைப் பாத்து எல்லாத்தையும் கேட்டுக்கலாம்ப்பா. அப்புறம் தேதி," என்று சொல்லிவிட்டாள். அவளுடைய பயம் அம்மாவைப் பற்றியது மட்டுமில்லை, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையைப் பற்றியது. அது இப்போது இரண்டு பங்காகியிருந்தது.

ஆறு பேரும் வந்தார்கள். அறையில் நாற்காலி போதவில்லை, வெளியிலிருந்து பெஞ்சை இழுத்துப் போட்டோம். இந்திராணி என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார், முன்பின் பார்த்திராதவளைப் போல நான் வணக்கம் சொன்னேன். அவராகவே, "தலைவலி போயிருச்சு மேடம்," என்றார். கதவைச் சாத்தினேன். இம்முறை எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். "இந்த ரெண்டு நோயும் பங்காளி மாதிரி. வேற வேற வீடு, ஆனா வேர் கொஞ்சம் ஒண்ணு. ரெண்டு பக்கமும் இருக்கிறதால பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு மத்த வீட்டை விடக் கூடுதல்தான். இல்லைன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். வராமப் போகவும் நெறைய வாய்ப்பு இருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் நிவேதாவோட தூக்கத்தைக் கவனிக்கணும். பிள்ளை வளர்ற வயசுல கண்ணை வச்சிருக்கணும். இதுக்கு மேல யாராலயும் உறுதி சொல்ல முடியாது."

கதிரேசன் நிவேதாவைப் பார்த்தார். நிவேதா தரையைப் பார்த்தாள். "நாங்க பிள்ளை பெத்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

"அதை நான் சொல்லக்கூடாது தம்பி. நீங்க ரெண்டு பேரும் சொல்லணும்."

நிவேதாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மடியில் விழுந்தது. பாண்டியம்மாள் மகளைத் தொடப் போய், தொடலாமா என்று தெரியாமல் கையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. தலையை நிமிர்த்தாமல், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலப் பேசினார்.

"எனக்கு வந்தப்ப வீட்ல ஒருத்தருக்கும் என்னன்னு தெரியல தாயி. அடிச்சாக, கட்டி வச்சாக, மந்திரிச்சாக. பாவம், அவுகளும் பயந்துதான் செஞ்சாக. தனியாக் கெடந்தேன். ஒங்கம்மா, இந்தத் தங்கச்சிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்." பாண்டியம்மாள் தலையை ஆட்டினார். "ஒனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வராமலே போகட்டும். வந்துருச்சுன்னா, அது தனியாக் கெடக்காதும்மா. என்னன்னு தெரிஞ்சவுக நாங்க ரெண்டு பேரு வீட்ல இருக்கோம்ல."

பாண்டியம்மாளின் கை மகளின் தோளில் விழுந்தது. நிவேதா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாக்டர் அடுத்த டோக்கனைக் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொன்னார்.